பெயர் சொல்லிக் கேட்ட ஜெபம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
2024 மே 6, திங்கள்

அன்பின் லக்சாயினிப் பிள்ளைக்கு,

கர்த்தருக்குள் உம் சுகம் விசாரித்து எழுதுகிறேன். இதைப் பரீதாவின் தையல்கடையில் கொடுத்துவிடுகிறேன். நீர் தைத்த பிளவுஸ்களைக் கொண்டுவரும்போது தருவார். வாசித்துவிட்டுக் கிழித்தாலும் பரவாயில்லை, வாசிக்காமல் கிழிக்க வேண்டாம்.

ஏப்ரல் 27 சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கம்போல உமக்குப் போன் எடுத்தேன். போகவில்லை. ஏழரைக்கும் போகவில்லை. என் இலக்கத்தை நீர் மறித்துவிட்டீர் என்பதை என் மகளைக் கேட்டுத்தான் அறிந்தேன். மே 2 வியாழன் ஜெபத்துக்கும் நீர் வரவில்லை. உம் கதிரையை எடுத்து மடிக்க மனமில்லாமல் அப்படியே விட்டிருந்தேன்.

எங்கள் சபையின் ஒழுங்கு உமக்குத் தெரியும். புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவரை ஒரு மூத்த சகோதரியிடம் நாற்பது நாளுக்கு ஒப்படைப்பார்கள். தினமும் ஒரு தடவை பேச வேண்டும், வியாழன்தோறும் கூட இருக்க வேண்டும், பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் என்னிடம் பதினேழு பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கொப்பியில் ஒரு பக்கம். திகதி, விண்ணப்பம், பதில் என்று மூன்று கோடு போட்டு எழுதி வருகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். வேதம் படித்ததும் கணக்காக எழுதப் பழகியதும் என் சொந்த முயற்சி. உம்மை மார்ச் 24 ஞாயிறு ஒப்படைத்தார்கள். உம் பக்கத்தில் முப்பத்து நான்கு வரி இருக்கிறது. இன்னும் ஆறு நாள் இருந்தது.

ஜனவரியில் கட்டாரில் இருந்த உம் கணவரிடமிருந்து பத்தொன்பது நாள் தகவல் இல்லாமல் நீர் பரீதாவின் கடையில் அழுதுகொண்டிருந்தீர். முன்பின் தெரியாத நான் பக்கத்தில் இருந்து ஜெபித்தேன். இருபதாம் நாள் அவர் பேசினார். அதை நீர் மறந்திருக்க மாட்டீர் என்று நம்புகிறேன்.

காரணம் என்னவாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஏப்ரல் 25 வியாழன் 11.20க்கு நம் ஜெபக்குழுவின் வட்ஸ்அப்பில் உமக்காக ஒரு குரல் விண்ணப்பம் போட்டேன். குழுவில் அறுபத்து மூன்று பேர். யாரோ அதை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றும், உங்கள் ஊர் சல்லிப் பக்கம் போய்விட்டது என்றும் ஒரு சகோதரி சொன்னார். அனுப்பியவர் செய்தது பிழை. நான் செய்தது பிழை என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பெயர் சொல்லிக் கேட்பதுதான் எங்களுக்குப் பழக்கம்.

வீட்டில் ஏதும் பிரச்சினையா? ஒரு வரி எழுதும்.

உம் அன்பின்,
புஸ்பராணி அன்ரி


சல்லி.
13.05.2024

புஸ்பா அன்ரிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தேன். ஒரு வரி கேட்டீர்கள், ஒரு வரிக்குள் அடங்காது.

நீங்கள் போட்டது வியாழன் பதினொரு மணிக்கு. வெள்ளி காலை ஒன்பது மணிக்குள் அது சல்லிக் கரைக்கு வந்துவிட்டது. நான் குசினியில் நின்றேன். மாமி கரையில் கருவாடு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வள்ளத்துக்காரரின் போனில் உங்கள் குரல். "சல்லியில் இருக்கிற லக்சாயினி என்ற பிள்ளை, மாமியாரின் இருளின் கட்டுக்குள் கிடக்கிறாள், அந்த வீட்டின் இருளை உடையும்." கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். மாமி அவரிடம், "இன்னொருக்காப் போடு தம்பி" என்றாராம். இரண்டாம் தரமும் நின்று கேட்டாராம்.

பிறகு வீட்டுக்கு வந்து கால் கழுவினார். குசினி வாசலில் நின்று ஒன்றுதான் கேட்டார்.

"நான் உனக்கு என்ன கட்டுப் போட்டனான் பிள்ளை?"

அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும்தான் கதை. சோறு போட்டு வைத்தால் சாப்பிடுகிறார். என் மகளோடு கதைக்கிறார். என்னோடு இல்லை.

இவர் கட்டாரிலிருந்து ஜூன் 12ஆம் திகதி லீவில் வருகிறார். "அவன் வரட்டும். ஊர் சொல்லமுதல் நான் சொல்லுவன். என்ர மகனிட்ட நான் ஒண்டும் மறைச்சதில்லை" என்று மாமி சொல்லிவிட்டார். இவர் கோபக்காரர் இல்லை, ஆனால் நான் அவருக்குத் தெரியாமல் ஒன்று செய்ததில்லை. இதைத்தான் முதல்முதலாகச் செய்தேன். என்னையும் மகளையும் சம்பூரில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவுக்கே அங்கே இருக்க ஒழுங்கான இடமில்லை.

"மாமி கடும் மனுசி" என்று நான் சொன்னது உண்மை. அன்றைக்கு ஒரு மீன் சட்டிக்காக அவரோடு கோபம். கோபத்தில் ஒரு ஆளிடம் சொன்னேன். அதை நீங்கள் கடவுளிடம் கொண்டுபோயிருந்தால் போயிருக்கட்டும். அறுபத்து மூன்று பேரிடமல்லவா கொண்டுபோனீர்கள்?

கொப்பியில் என் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். எனக்காக ஜெபிக்க வேண்டாம். போனில் ஒரு சொல்லும் வேண்டாம். எழுதுவதென்றால் பரீதா அக்காவிடம் கொடுங்கள். அவர், "நான் தையல்காரியோ தபால்காரியோ?" என்று கேட்டார். ஆனால் வாங்கி வைத்தார்.

லக்சாயினி


திருகோணமலை.
2024 மே 16, வியாழன்

அன்பின் பிள்ளைக்கு,

உம் கடிதத்தைத் திங்கள் பின்னேரம் வாங்கினேன். முதலில் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன். "இவ்வளவு செய்தேனே" என்று ஒரு கணக்கு மனதுக்குள் ஓடியது. அந்தக் கோபத்தில் நான்கு பக்கம் எழுதினேன். அது உமக்கு வரவில்லை, அடுப்புக்குள் போய்விட்டது.

பிறகு, நான் போட்டதை நானே ஒருபோதும் கேட்டதில்லையே என்று தோன்றியது. மேசையில் போனை வைத்துவிட்டு அழுத்தினேன். இரண்டு நிமிடம் நாற்பத்தொரு செக்கன். உம் பெயர் ஒன்பது இடத்தில். ஊரின் பெயர் மூன்று இடத்தில். இருள் என்று நான்கு. உம் மாமியாருக்கு நன்மை கேட்டு ஒரு சொல்கூட இல்லை. என் வீட்டுக்காரர் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர், அதிகம் பேசமாட்டார். "இது ஜெபமில்லையப்பா. பொலிசில குடுக்கிற முறைப்பாடு" என்றார்.

அழிக்கப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டதாம், என் போனில் மட்டும்தான் அழியுமாம்.

நேற்று பரீதாவிடம் போனேன். ஹஜ்ஜுப் பெருநாள் தையலில் தலை நிமிர நேரமில்லாமல் இருந்தார். "பரீதா, ஒரு பிழை செய்துபோட்டன்" என்று தொடங்கினேன். "தெரியும் அக்கா, எனக்கும் வந்தது. கிண்ணியாவில இருந்து ஒரு கஸ்டமர் அனுப்பினவ. நல்ல தெளிவான குரல்" என்று ஊசியில் நூல் கோத்தபடி சொன்னார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

போதகர் பாக்கியரத்தினத்திடமும் சொன்னேன். நல்ல மனிதர், உடனே இரங்கினார். "அப்படியெண்டால் அந்தப் பிள்ளைக்காக வெள்ளிக்கிழமை ஒரு உபவாச ஜெபம் வைப்பம். குழுவில அறிவியுங்கோ" என்றார். நான், "ஐயா, அதைத்தான் செய்யக்கூடாது" என்றேன். இத்தனை வருடத்தில் போதகருக்கு மறுப்புச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் சிரித்தார். "சரி சிஸ்டர். அப்ப நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் சாப்பிடாமல் இருக்கிறன்" என்றார்.

பிள்ளை, நான் செய்தது பிழை. பரப்பியவரின் பிழை வேறு, என் பிழை வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கப் பார்த்தேன். உமக்குப் பாரம் குறைப்பது என் வேலை. நான் கூட்டிவிட்டேன்.

பக்கத்தைக் கிழிக்கவில்லை. ஆனால் மூடி வைத்துவிட்டேன். ஜெபிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர். அதற்கு மட்டும் கீழ்ப்படிய ஏலாது.

உம் மாமியாரை வந்து பார்க்கட்டா?

புஸ்பராணி


சல்லி.
27.05.2024

அன்ரிக்கு,

வர வேண்டாம். இங்கே ஒரு புது ஆள் வந்து இறங்கினால் கரையே திரும்பிப் பார்க்கும். கையில் பை இருந்தால், "பால்மா குடுத்துப் பிள்ளையைச் சமயம் மாத்துறாள்" என்று கதை கட்டுவார்கள்.

போன கிழமை எழுதவில்லை. எழுத ஒன்றும் இருக்கவில்லை. இந்தக் கிழமை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமி அறையில் விளக்கேற்றுவது இந்த வீட்டில் மருமகளின் வேலை. மார்ச்சிலிருந்து நான் ஏற்றவில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை. யாரும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லித் தரவில்லை, எனக்கே மனம் வரவில்லை. நேரடியாகச் சொல்லவும் துணிவில்லை. அந்த நேரம் பார்த்துத் தண்ணி அள்ளப் போவேன், அல்லது பிளவுஸுக்கு ஹுக் தைப்பேன். திரும்பி வந்தால் விளக்கு எரியும். மகள் ஏற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வெள்ளி மகளைக் கேட்டேன். "நான் இல்லையம்மா, அப்பம்மா" என்றாள். மாமி அறைக்குள் திரி திரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முகம் பார்த்துக் கதைத்தார்.

"நீ மார்ச்சில இருந்து ஏத்தயில்லை. எனக்கென்ன கண் குருடோ? நான் ஏத்திக்கொண்டுதான் இருக்கிறன்."

"ஏன் மாமி என்னைக் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்க? பத்தொன்பது நாள் என்ர மகன்ர குரல் கேக்காமல் நீ பட்டதை நான் பாத்தனான். எங்கயோ போய் அழுது ஆறி வாறாய் எண்டு விளங்கினது. வியாழக்கிழமை போயிட்டு வந்தால் நீ நல்லாச் சாப்பிடுறாய். சாப்பிடட்டும் எண்டு விட்டனான்." பிறகு திரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "விட்ட எனக்குத்தான் ஊருக்கு முன்னால இருள் எண்டு பேர்."

அன்ரி, நான் பிளவுஸ் கொடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிப் புறப்பட்டபோதெல்லாம் அந்த மனுசி உண்மை தெரிந்துதான் எனக்கு பஸ்ஸுக்குக் குடை எடுத்துத் தந்திருக்கிறார்.

ஆனாலும் சொன்ன சொல்லிலிருந்து மாறவில்லை. இவர் வந்ததும் சொல்லத்தான் போகிறார். இன்னும் பதினாறு நாள்.

உங்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். நான் விட்டுவிடவில்லை. கிணற்றடியில் வாய் அசைக்காமல் ஜெபிக்கிறேன். சொல்லெல்லாம் வருவதில்லை. சில நாள் "நீர் இருக்கிறீர்தானே" என்று மட்டும் கேட்டுவிட்டு வாளியைத் தூக்குகிறேன். அதற்கு மேல் தெரியவில்லை. அது போதுமா என்றும் தெரியவில்லை.

லக்சாயினி


திருகோணமலை.
2024 ஜூன் 3, திங்கள்

பிள்ளைக்கு,

போதும். தாராளமாகப் போதும். அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று குறிக்கவில்லை.

விளக்கைப் பற்றி எழுதியதை வாசித்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. உம்மை நாற்பது நாள் தாங்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். என் கண்ணில் படாமல் இன்னொருத்தி தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவரைத்தான் நான் இருள் என்றேன்.

இந்த வியாழன், 6ஆம் திகதி, காலை 9.15 பஸ்ஸில் வருகிறேன். உம்மைக் கேட்கவில்லை, அறிவிக்கிறேன். உம்மைப் பார்க்க வரவில்லை, உம் மாமியாரைப் பார்க்க வருகிறேன். நீர் குசினியை விட்டு வெளியே வரத் தேவையில்லை. வேதம் கொண்டுவர மாட்டேன். பை கொண்டுவர மாட்டேன். பழம், பிஸ்கட் ஒன்றும் இல்லை. பஸ் காசும் போனும் மட்டும்.

அவர் என்னைத் துரத்தினால் அடுத்த பஸ் 10.40க்கு.

புஸ்பராணி


சல்லி.
10.06.2024

அன்பின் புஸ்பா அன்ரிக்கு,

நீங்கள் போன பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. குசினி யன்னலால் நான் எல்லாவற்றையும் கேட்டேன். உங்களுக்கும் நடந்தது தெரியும், ஆனால் உங்கள் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வேலிப் படலையில் நின்றீர்கள். மாமி பாயில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நீங்கதானே அந்தக் குரல்?"

"ஓம் அம்மா. புஸ்பராணி."

"போனில கேக்கேக்க பெரிய ஆளெண்டு நினைச்சனான்." அப்போதுதான் நிமிர்ந்து உங்களை மேலிருந்து கீழே பார்த்தார். "இருங்கோ. அந்தத் தடியை எடுங்கோ. காகம் வந்தாக் கலையுங்கோ. சும்மா இருந்து கதைக்க எனக்கு நேரமில்லை."

நீங்கள் நல்ல சேலையோடு மீன்பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்து காகம் கலைத்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அன்ரி. வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு நீங்கள், "நான் உங்களைக் கண்டதில்லை. காணாமலே உங்களை இருள் எண்டு சொன்னனான். பிழை" என்றீர்கள்.

"ஆரிட்டச் சொன்னனீங்கள்? உங்கட சாமியிட்டயோ, சனத்திட்டயோ?"

நீங்கள் தடியை மடியில் வைத்துவிட்டீர்கள். ஒரு காகம் வந்து ஒரு கீரிமீனைத் தூக்கிக்கொண்டே போய்விட்டது. "சனத்திட்டத்தான்" என்றீர்கள்.

"அப்ப சனத்திட்டத்தான் திருப்பிச் சொல்லோணும். இஞ்ச என்ர காதுக்குள்ள சொல்லி என்ன பிரயோசனம்?"

"ஞாயிற்றுக்கிழமை சபையில எழும்பிச் சொல்லுறன் அம்மா."

"ஏன் ஞாயிறு மட்டும்? போன் கொண்டுவரேல்லையோ?"

நீங்கள் போனை வாயருகே பிடித்து, "பரலோகத்தில் இருக்கிற பிதாவே" என்று தொடங்க, மாமி கையைத் தூக்கினார்.

"நிப்பாட்டுங்கோ. அவருக்கில்லை, ஆக்களுக்கு."

இரண்டாம் தரம் காகங்கள் சேர்ந்து கத்திக் கெடுத்தன. மூன்றாம் தரம் நீங்கள் என் பெயரைத் தொடங்கினீர்கள். "அவளின்ர பேர் வேண்டாம். போன முறை சொன்னது காணும். என்ர பேரைச் சொல்லுங்கோ, வள்ளிநாயகி" என்றார். நான்காம் தரம்தான் சரிவந்தது.

"சல்லியில் இருக்கிற வள்ளிநாயகி அம்மாவைப் பற்றி நான் ஏப்ரல் மாதம் ஒரு குரல் அனுப்பினேன். அவரைக் காணாமல் சொன்னது. நான் சொன்னது பிழை. அவர் நல்ல மனிசி. இதைக் கேட்கிறவர்கள், முந்தினதை அனுப்பின எல்லாருக்கும் இதையும் அனுப்புங்கோ. புஸ்பராணி."

அடுத்து மாமி தலையை ஆட்டி, "ம்ம். இப்ப சரி. இனி அமத்துங்கோ" என்றார். நீங்கள் பதிவை அமத்தினீர்கள். அந்த நேரம் உங்கள் முகம், என்னவென்று சொல்ல, சுமை இறக்கினவரின் முகம்.

தேத்தண்ணி கதையை நான் மகளுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன்.

"தேத்தண்ணி குடிப்பீங்களோ, எங்கட வீட்டில? விளக்கு வைக்கிற வீடு."

"தேத்தண்ணிக்குள்ள விளக்கில்லையே அம்மா. சீனி மட்டும் குறைச்சுப் போடுங்கோ. எனக்குச் சலரோகம்."

மாமி சிரித்தார். ஏப்ரல் 26க்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஆனால் நீங்கள் பஸ் ஏறின பிறகு என்னைக் கூப்பிட்டார். "மனுசி நேர்மையான மனுசிதான். ஆனால் என்ர மகன் லதீசனிட்ட நான் சொல்லத்தான் போறன். அது வேற, இது வேற" என்றார். நாளை மறுநாள் இவர் வருகிறார் அன்ரி. கை வேலையில் ஓடவில்லை. ஒரு பிளவுஸுக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன். வீட்டை விட்டுப் போகச் சொன்னாலும் நான் விசுவாசத்தை விடமாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதப் பயமாகவும் இருக்கிறது. இந்த வீடும் எனக்கு வேண்டும்.

ஜெபியுங்கள். வேண்டாம் என்று எழுதியதைத் திருப்பி எடுக்கிறேன்.

லக்சாயினி


திருகோணமலை.
2024 ஜூன் 13, வியாழன்

அன்பின் பிள்ளைக்கு,

நேற்று உம் கணவர் வந்திருப்பார். இன்று வியாழன் ஜெபத்தில், ஏதாவது விண்ணப்பம் உண்டா என்று சகோதரிகள் கேட்டார்கள். "ஒன்று உண்டு. சொல்ல மாட்டேன்" என்றேன். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவரும் வாய் திறக்காமல் பத்து நிமிடம் இருந்தோம். எங்கள் வீட்டில் இவ்வளவு சத்தமில்லாத ஜெபம் நடந்ததில்லை. இவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார், எல்லாரும் நித்திரையாகிவிட்டோமோ என்று.

எனக்கு இது பழக்கமில்லை. யாரிடமாவது சொன்னால்தான் கேட்டதுபோல இருக்கும். நேற்று முழுவதும் அரிசி கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் உங்கள் மூவரையும் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்தேன். ஓம், மூவர். உம் மாமியாரையும் சேர்த்துத்தான். அவருடைய மகன் அவருடைய சொல்லை நல்ல காதோடு கேட்க வேண்டும் என்று கேட்டேன்.

உமக்கு ஒரு சொல். வீடும் வேண்டும் என்று எழுதியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டை விடு என்று கர்த்தர் உம்மிடம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டதாக யாராவது சொன்னால், அது நானாக இருந்தாலும், நம்ப வேண்டாம்.

திங்கள் பெருநாள், பரீதாவின் கடை பூட்டு. செவ்வாய் போய்ப் பார்ப்பேன். அதுவரை நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

புஸ்பராணி


சல்லி.
18.06.2024

அன்பின் புஸ்பா அன்ரிக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டில்தான் இருக்கிறேன். சம்பூருக்குப் போகவில்லை, போகவும் வேண்டியதில்லை. இனி ஆறுதலாக வாசியுங்கள்.

இவர் புதன் காலை கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கினார். குளித்துவிட்டுச் சாப்பிட இருந்தார். மாமி நண்டுக்கறி வைத்திருந்தார். முதல் வாய் வைப்பதற்குள் மாமி சொல்லிவிட்டார். நான் சோற்றுக் கரண்டியோடு பக்கத்தில் நிற்கிறேன்.

"லதீசன், உன்ர பெண்சாதி வேதக்காரரின்ர ஜெபத்துக்குப் போறவள். மார்ச்சில இருந்து. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டனான். சண்டை பிடிக்கிறதெண்டால் என்னோட பிடி. அவளுக்கு நாளைக்கு மூண்டு பிளவுஸ் குடுக்க இருக்கு."

அன்ரி, மாமி சொல்லப்போகிறார் என்று ஆறு கிழமை நடுங்கினேன். இப்படிச் சொல்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இவர் நண்டைச் சோற்றுக் கோப்பையில் வைத்தார். "தெரியும் அம்மா" என்றார்.

"ஆர் சொன்னது?"

"போன். கட்டாரில எங்கட காம்பில மூதூர்ப் பொடியன் ஒருத்தன், றுமைஸ் எண்டு. மே மாதம் கொண்டுவந்து காட்டினவன். அண்ணே, சல்லி எண்டு சொல்லினம், இது உங்கட வீடோ எண்டு."

ஒவ்வொரு வெள்ளியும் போனில் என்னோடும் மகளோடும் கதைத்தவர், ஒரு சொல் கேட்கவில்லை. "ஏன் கேக்கேல்லை?" என்றேன்.

"போனில கேட்டால் நீ அழுவாய், நான் கத்துவன். பிறகு ஆர் உன்னைப் பாக்கிறது? நேரில வந்து உன்னைச் சம்பூரில விட்டிட்டுத்தான் திரும்புறதெண்டு நினைச்சிருந்தனான். ஒளிச்சுச் செய்தாய் எண்டுதான் எனக்குக் கோபம். அம்மாவை இருள் எண்டு சனம் சொல்ல வைச்சிட்டாய் எண்டு அதைவிடக் கோபம்."

"இப்ப?" என்று மாமிதான் கேட்டார்.

இவர் போனை எடுத்து அழுத்தினார். நீங்கள் இங்கே பதிந்த அந்தக் குரல். அதே மூதூர்ப் பொடியன்தான் இதையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான், இவர் விமானம் ஏறுவதற்கு முதல் நாள். காகம் கத்துகிறது. நீங்கள் பிழை என்று சொல்கிறீர்கள். முடிவில், நீங்கள் அமத்துவதற்குள், "ம்ம். இப்ப சரி" என்று மாமியின் குரலும் பதிந்திருக்கிறது. எங்கள் யாருக்கும் அது தெரியாது.

"அம்மா பக்கத்தில இருந்து சொல்லிக் குடுக்கிறா," என்றார் இவர். "அம்மாவே அந்த மனுசிய இருத்தி வைச்சுக் கதைக்கிறா. பிறகு நான் ஆரோட கோபிக்க?"

மாமிக்கு வெட்கம் வந்துவிட்டது. "என்ர குரல் இவ்வளவு கட்டையோ?" என்று கேட்டார். இவர் சிரித்து, நான் அழுது, மகள் என்னவென்று தெரியாமல் கை தட்டினாள். நண்டு ஆறிப்போனது. ஆறின நண்டைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம்.

பின்னேரம் கடற்கரையில் நடக்கும்போது இவர் என்னோடு தனியாகக் கதைத்தார். வியாழன் போகலாம், ஆனால் பிளவுஸ் கொடுக்க என்று பொய் சொல்லிப் போகக்கூடாது. மகளை என்னோடு வரச் சொல்லி நான் இழுக்கக்கூடாது, வளர்ந்து அவளே முடிவெடுக்கட்டும். ஞானஸ்நானம் பற்றி அடுத்த லீவில் கதைப்போம். அடுத்த லீவுக்குப் பத்து மாதம். போதகர் ஐயாவிடம் சொல்லிவிடுங்கள், நான் காத்திருப்பேன் என்று. தகவல் இல்லாத நாட்களில் வீட்டில் இவருக்காக நேர்ந்துகொண்ட பொங்கல் ஒன்று அம்மன் கோயிலில் இருக்கிறது. அந்தப் பானையை மாமி வைப்பார். நான் விறகு பொறுக்கிக் கொடுக்கட்டா என்று இவரைக் கேட்டேன். கொடு என்றார். நான் பொறுக்குவேன் அன்ரி. உங்களைக் கேட்கவில்லை, அறிவிக்கிறேன்.

கிணற்றடியில் இன்றைக்குச் சொல் வந்தது. நன்றி என்று. அதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. வாளியை வைத்துவிட்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நீங்கள் எழுதிய பத்து நிமிட ஜெபத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவரையும் சேர்த்துச் சுமந்த இடம் வந்ததும், "திருப்பி வாசி" என்றார். வாசித்தேன். எழும்பிப் போய்ப் பாயைச் சுருட்டினார்.

இந்த வியாழன் வருகிறேன். கதிரையை விரித்து வையுங்கள். மாமியிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். சொன்னபோது அவர் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை மணிக்கு முடியும்?"

"பதினொரு மணியாகும் மாமி."

"அப்ப அண்டைக்குக் குழம்பை நான் வைக்கிறன். நீ ஓடி வரத் தேவையில்லை. இருந்து முடிச்சிட்டு வா."

அன்புடன்,
லக்சாயினி